ஃபைல் பெயரில் இடைவெளி: பவர்ரீநேம், வின்எஸ்சிபி, ஃபைல்ஸில்லா – ஒரு மதிப்புரை

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி ஸ்டுடியோக்களிலிருந்து ஆல்பம் லேபுகளுக்கு விடிய விடிய அப்லோட் ஓடும். தீபாவளி முடிந்ததும் காலண்டர் வேலை சிவகாசிக்குப் போகும். ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு சீசன் என்று ஒன்றும் கிடையாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று தினமும் டிசைன் வந்துகொண்டே இருக்கும். இந்த மூன்று தொழிலிலும் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: "எல்லாம் போயிடுச்சு, நாலு ஃபைல் மட்டும் போகமாட்டேங்குது." பழி நேராக நெட் மேல் விழும்.

நெட்டா, பெயரா என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். அதே தொகுப்பை இன்னொரு முறை அனுப்புங்கள். இந்தத் தடவை வேறு ஃபைல்கள் நின்றால் நெட்டைத் திட்டலாம். அதே நாலு ஃபைல் மறுபடியும் நின்றால், கோளாறு அந்த ஃபைல்களின் பெயரில் இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயரில் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது இடைவெளி.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு "இடைவெளியே வைக்காதே" என்பது. அது பாதிதான் சரி. நடுவில் இருக்கும் ஒற்றை இடைவெளியை இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் தாங்கும். தாங்காதவை நான்கு: பெயரின் தொடக்கத்தில் உள்ள இடைவெளி, கடைசியில் உள்ள இடைவெளி, அடுத்தடுத்து இரண்டு இடைவெளி, இடைவெளி போலத் தெரிந்தும் இடைவெளி அல்லாத எழுத்து. இங்கே எடுத்துக்கொண்ட மூன்று மென்பொருள்களையும் (பெயர் மாற்ற பவர்ரீநேம், அனுப்ப வின்எஸ்சிபி, ஃபைல்ஸில்லா) இந்த நான்கோடு உரசித்தான் மதிப்பிட வேண்டும். மூன்றையும் காசு கொடுக்காமல் நிறுவலாம்.

எங்கே உடைகிறது?

சர்வருக்கு ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியின் விதிகளில் இடைவெளிக்குத் தடை இல்லை. 1985-இல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற இணைய விதி ஆவணத்தின்படி, கட்டளைச் சொல்லுக்கு அடுத்த ஒரு இடைவெளியைத் தாண்டி, வரி முடியும்வரை இருப்பது முழுவதும் பெயர்தான். அனுப்புவது சரியாகவே போகும். சிக்கல் வருவது சர்வரிடம் "என்னென்ன ஃபைல் இருக்கிறது" என்று கேட்கும்போது. பழைய சர்வர்கள் அனுமதி, உரிமையாளர், அளவு, தேதி, பெயர் எல்லாவற்றையும் இடைவெளியால் பிரித்து ஒரே வரியில் தருகின்றன. பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை வாங்கும் மென்பொருள் ஊகிக்க வேண்டும். பெயரே இடைவெளியில் தொடங்கினால் ஊகம் தவறும்; பட்டியலில் ஃபைல் தெரியும், தொட்டால் "550, அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று வரும். 2007-இல் வந்த ஆர்எஃப்சி 3659 இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தனிப் பட்டியல் கட்டளை ஒன்றைக் கொண்டுவந்தது. லேபின் சர்வருக்கு அது தெரிந்தால் தொல்லை இல்லை.

அதைவிடப் பெரிய உடைப்பு, ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகு. லேபிலும் ஃப்ளெக்ஸ் கடையிலும் ஒரு ஃபோல்டரைக் கண்காணித்து, புதிதாக விழும் ஃபைலை எடுத்து அச்சுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் (தானாக இயங்கும் சிறு நிரல்) ஓடிக்கொண்டிருக்கும். அது கட்டளை வரியில் பெயரை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால், "கார்த்திக் வீட்டுக் கல்யாணம்" என்ற ஒரு ஃபைல், கார்த்திக், வீட்டுக், கல்யாணம் என்று மூன்று ஃபைல்களாகத் தேடப்படும். மூன்றும் கிடைக்காது. நம் திரையில் "அனுப்பியாயிற்று" என்று பச்சை டிக் இருக்கும். அங்கே "ஃபைல் வரவில்லை" என்பார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பவர்ரீநேம்

மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸ் தொகுப்பில் வரும் கருவி. விண்டோஸ் 10, 11-இல் ஓடும். இடைவெளிப் பிரச்சினைக்கு ஒன்றை மட்டும் நிறுவுவதானால் இதுதான், ஏனென்றால் பிரச்சினையை அனுப்பும் முன்பே தீர்க்கிறது.

ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், "ரீநேம் வித் பவர்ரீநேம்". மேல் பெட்டியில் தேட வேண்டியது, கீழ்ப் பெட்டியில் மாற்ற வேண்டியது. மேலே ஒரு இடைவெளி தட்டி, கீழே அடிக்கோடு ( _ ) போட்டால், ஒவ்வொரு பெயரிலும் முதல் இடைவெளி மட்டும் மாறும். பலர் இங்கேதான் "இது வேலை செய்யவில்லை" என்று மூடிவிடுகிறார்கள். "மேட்ச் ஆல் அக்கரன்ஸஸ்" பெட்டியில் டிக் போட வேண்டும். அது ஏன் இயல்பாகவே போடப்பட்டு வருவதில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

வரிசையாகச் செய்தால் மூன்று சுற்று போதும். மூன்றிலும் அந்த டிக் இருக்கட்டும்; எதன்மேல் என்ற இடத்தில் "ஃபைல்நேம் ஒன்லி" வையுங்கள். முதல் சுற்றில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (குறிகளால் எழுதும் தேடல் முறை) இயக்கி மேல் பெட்டியில் ^ +| +$ என்று எழுதி, கீழ்ப் பெட்டியைக் காலியாக விடுங்கள். கூட்டல் குறிகளுக்கு முன்னால் ஒவ்வொரு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். இது பெயரின் முன்னும் பின்னும் ஒட்டியிருப்பதை வழித்தெடுக்கும், "மண்டபம் .ஜேபிஜி" என்று புள்ளிக்கு முன் நிற்கும் இடைவெளியும் போய்விடும். இரண்டாம் சுற்றில் மேலே ஒரு இடைவெளியும் கூட்டல் குறியும், கீழே அடிக்கோடு. அடுத்தடுத்து எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒரே அடிக்கோடாகிவிடும்.

மூன்றாம் சுற்று, கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு. வலைப்பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ தலைப்பை நகலெடுத்துப் பெயராக ஒட்டும்போது "உடையாத இடைவெளி" எனப்படும் எழுத்து உள்ளே வந்துவிடும். பார்க்க இடைவெளி, கணினிக்கு வேறு எழுத்து. கண்டுபிடிப்பது எளிது: இரண்டாம் சுற்றுக்குப் பிறகும் பெயரில் இடைவெளி தெரிகிறது என்றால் அது இதுதான். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் பலகையில் 0160 தட்டினால் அந்த எழுத்து மேல் பெட்டியில் வரும். லேப்டாப்பில் எண் பலகை இல்லையா? அந்த ஃபைல் பெயரிலிருந்தே அந்த ஒரு எழுத்தை மட்டும் தேர்ந்து நகலெடுத்து ஒட்டுங்கள். இந்த வழி எப்போதும் சரிவரும். அண்மைக்கால மேக் கணினிகள் ஸ்கிரீன்ஷாட் பெயரில் நேரத்துக்கும் முற்பகல், பிற்பகல் குறிக்கும் இடையில் வைப்பது இன்னொரு குறுகிய வகை. அதற்கு 0160 செல்லாது, நகலெடுப்புதான் வழி.

வலப்பக்கம் புதுப் பெயர்கள் முன்னோட்டமாகத் தெரிவதுதான் இதன் பெரிய பலம். "மேடை 1", "மேடை_1" என்று இரண்டு ஃபைல் ஏற்கெனவே இருந்தால் இரண்டும் ஒரே பெயருக்கு வந்து மோதும். அப்ளை அழுத்தும் முன் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். தவறிவிட்டால் எக்ஸ்ப்ளோரரில் கன்ட்ரோல்+இசட் பழைய பெயர்களைத் திருப்பித் தரும்.

குறை என்று சொல்வதானால் அது கருவியில் இல்லை, அதைப் பயன்படுத்தும் நேரத்தில் இருக்கிறது. இன்டிசைன், கோரல்ட்ரா, பிரீமியர் ஃபைல்கள் இணைப்பாக வைத்திருக்கும் படங்களைப் பெயரைக் கொண்டுதான் தேடுகின்றன. வடிவமைப்பு முடிந்த ஆல்பத்தின் படங்களுக்குப் பெயர் மாற்றினால் அத்தனை இணைப்பும் அறுந்துவிடும். எனவே கேமரா கார்டிலிருந்து இறக்கிய உடனே, வேலை தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். வேலை முடிந்துவிட்டதென்றால் மூலத்தைத் தொடாதீர்கள். அனுப்புவதற்கென்று ஏற்றுமதி செய்த பிடிஎஃப், ஜேபெக் நகல்களில் மட்டும் மாற்றுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே எல்லா ஃபைலையும் தேர்ந்து எஃப்2 அழுத்திப் பெயரிடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: அது ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு இடைவெளியும் அடைப்புக்குறிக்குள் எண்ணும் சேர்க்கும். இடைவெளியும் வந்தது, அடைப்புக்குறியும் வந்தது. லினக்ஸ் கட்டளை வரிக்கு அடைப்புக்குறியும் ஆகாது.

வின்எஸ்சிபி

அனுப்பும் வேலைக்கு மூன்றில் மிகச் சிறந்தது. எஸ்எஃப்டிபி, எஃப்டிபி, வெப்டாவ், எஸ்3 என்று ஃபைல் அனுப்பும் முறைகள் எல்லாம் பேசும். சுட்டியால் இழுத்துப் போடும்வரை இடைவெளி பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. சர்வரிலிருந்து இறக்கும்போது விண்டோஸ் ஏற்காத எழுத்துகளை சதவீதக் குறியும் எண்ணுமாக மாற்றி இறக்குகிறது. பெயரின் கடைசியில் தொங்கும் இடைவெளியையும் அப்படியே கையாள்கிறது. இது சின்ன விஷயமல்ல. மேக்கிலோ நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் பொதுவாக வைக்கும் சேமிப்பகம்) உருவான, கடைசியில் இடைவெளி உள்ள ஃபோல்டரை விண்டோஸால் திறக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அந்தக் கடைசி இடைவெளியை விண்டோஸ் தானாக வெட்டிவிட்டு, வெட்டிய பெயரில் தேடிவிட்டு "இல்லை" என்று சொல்லும். நாஸ் மூலமாகப் பார்த்தால் சில நேரம் அலைக்குறியும் எண்ணும் கொண்ட விசித்திரக் குறும்பெயராகத் தெரியும்.

இன்னொரு வசதி: எஸ்எஃப்டிபியில் 100 கேபிக்கு மேற்பட்ட ஃபைலைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுவதும் போன பிறகே உண்மைப் பெயரை வைக்கிறது. நடுவில் கரண்ட் போனாலும் அங்கே கண்காணிக்கும் ஸ்கிரிப்ட் அரைகுறை ஃபைலை அச்சுக்கு எடுக்காது. மழைக்காலத்தில் நாகை, வேதாரண்யம் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிக்கல் தொடங்குவது தானியங்கியாக ஓடவிடும்போது. ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் எழுதினால் பெயரைச் சுற்றி ஒரு ஜோடி இரட்டை மேற்கோள் போதும். அதே கட்டளையை விண்டோஸ் கட்டளை வரியில் நேரடியாகக் கொடுத்தால், முழுக் கட்டளையும் ஏற்கெனவே மேற்கோளுக்குள் இருப்பதால், உள்ளே பெயரைச் சுற்றி வரும் ஒவ்வொரு மேற்கோளையும் இரட்டிக்க வேண்டும்: ""தை மாதம் ஆல்பம்"" என்பதுபோல. சர்வர் முகவரியை யுஆர்எல் வடிவில் எழுதினால் பாதையில் உள்ள இடைவெளி %20 ஆக வேண்டும். ஒரே நிரலில் மூன்று இடத்தில் மூன்று விதி. கையால் எழுதாதீர்கள். டிரான்ஸ்ஃபர் உரையாடல் பெட்டியில் "டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸ்" பொத்தானை ஒட்டி "ஜெனரேட் கோட்" இருக்கிறது. ஒரு ஃபைலைச் சுட்டியால் அனுப்பப் போவதுபோலத் தொடங்கி அதை அழுத்தினால், எல்லா மேற்கோளும் சரியாகப் போட்ட ஸ்கிரிப்ட்டோ பேட்ச் ஃபைலோ எழுதித் தரும். இந்த ஒரு வசதிக்காகவே மற்றதைவிட இதற்குக் கூடுதல் மதிப்பெண்.

கஸ்டம் கமாண்ட் எழுதுபவர்களுக்கு: ஃபைல் பெயரைக் குறிக்கும் ஆச்சரியக்குறியை மேற்கோளுக்குள் ( "!" ) வையுங்கள். வெறும் ஆச்சரியக்குறி இடைவெளி உள்ள பெயரில் உடையும்.

ஃபைல்ஸில்லா

லேபுகள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து "எஃப்டிபியில் போடுங்கள்" என்றால் பலரும் திறப்பது இதைத்தான். எளிது, வேகம், பல ஃபைல்களை ஒரே நேரத்தில் ஏற்றும். நடு இடைவெளிகளில் பிரச்சினை தராது. சர்வர் புதிய பட்டியல் கட்டளையை அறிந்திருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளும். அறியாத பழைய சர்வரில் தொடக்க இடைவெளி உள்ள பெயர்கள் தடுமாறும். இதில் மேலே ஓடும் பதிவுப் பகுதியைப் படிக்கப் பழகுங்கள். 550 வந்தால் அந்தப் பெயரில் ஃபைலோ அனுமதியோ அங்கே இல்லை. 553 வந்தால் "இந்தப் பெயரை ஏற்கமாட்டேன்" என்று சர்வரே சொல்கிறது. அங்கே அமைப்புகளை நோண்டிப் பயனில்லை, பெயரை மாற்றுவதுதான் வழி.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் சைட் மேனேஜரில் அந்த சர்வருக்கான "சார்செட்" தாவலுக்குப் போய் யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஐக் கட்டாயமாக்குங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் சர்வர் பழையது.

இரண்டு எச்சரிக்கை. பிரதான பதிவிறக்கப் பக்கத்தின் நிறுவியில் வேறு மென்பொருள்களுக்கான சலுகைகள் சேர்ந்து வரலாம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்காவிட்டால் சேமித்த கடவுச்சொற்கள் முறையான மறைகுறியாக்கம் இல்லாமல் கணினியில் கிடக்கும். நாலு பேர் உட்காரும் கடைக் கணினியில் அது ஆகாது. மேலும், இது இறுதிப் பெயரிலேயே நேராக ஏற்றுவதால், கண்காணிப்பு ஃபோல்டர் உள்ள லேபுக்கு வின்எஸ்சிபிதான் மேல்.

விண்டோஸோடு வரும் கட்டளை வரி எஃப்டிபியை மறந்துவிடுங்கள். அதில் பேசிவ் மோட் (இணைப்பை எப்போதும் நம் பக்கமிருந்தே திறக்கும் முறை) கிடையாது. ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கடைகளில் பெரும்பாலும் பாதியில் நிற்கும்.

தமிழ்ப் பெயரும் பாமினியும்

இடைவெளியை நீக்கியும் ஃபைல் போகாத இடங்கள் நம் பக்கத்து டிடிபி கடைகளில் நிறைய. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தலைப்பை அப்படியே நகலெடுத்து ஃபைல் பெயராக்கினால், அது ஆங்கில எழுத்துகளின் குவியலாக மாறும் என்பது தெரிந்ததே. அதில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி ( ; ) வரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. விண்டோஸ் அதை அனுமதிக்கும். லினக்ஸ் சர்வரின் கட்டளை வரிக்கோ அரைப்புள்ளி என்றால் "இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு" என்று பொருள். "தமிழ்" என்று ஒரு சொல் பெயரில் இருந்தாலே போதும், ஸ்கிரிப்ட் இரண்டாக வெட்டுப்படும். பாமினிப் பெயர்களை வைத்துக்கொண்டு அனுப்பவே கூடாது.

யூனிகோடு தமிழ் வேறு கதை. அதைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, அளவு மட்டும் பார்க்க வேண்டும். லினக்ஸ் சர்வரும் பெரும்பாலான நாஸ் பெட்டிகளும் பெயருக்கு 255 பைட் தருகின்றன. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். ஆக 85 குறிகள்தான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். விண்டோஸிலோ 255 குறிவரை செல்லும். அதனால் மணமக்கள் பெயர், ஊர், மண்டபம், தேதி என்று எல்லாவற்றையும் தமிழில் அடுக்கிய பெயர் நம் கணினியில் நன்றாக இருக்கும், நாஸில் ஏறாது. லிங்க் ஆக அனுப்பினால் இன்னும் நீளும்: இடைவெளி %20 என்று 3 எழுத்தாகும், ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாகும். "கோவில்" என்ற ஒரு சொல் 54 எழுத்து.

பழைய மேக் டிஸ்க்குகளில் இன்னொரு குறும்பு உண்டு. "கோ" என்பதை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் முறை பிரித்தே சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கு இரண்டு வேறு பெயர். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு "கோவில்" ஃபைல்கள் தெரிந்தால் காரணம் இது.

வெளியே அனுப்பும் நகலுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, நடுக்கோடு ஆகிய நான்கோடு நிறுத்துங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் வையுங்கள். பெயர் வரிசைப்படி அடுக்கினால் தேதி வரிசையும் தானே வரும். நடுக்கோட்டில் பெயரைத் தொடங்க வேண்டாம். கட்டளை வரி அதை ஒரு விருப்பத் தேர்வு என்று எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ், ரோபோகாப்பி பயன்படுத்துவோருக்கு

கணினிக்குக் கணினி நகலெடுக்கும் பழைய எஸ்சிபி கட்டளை, தொலைவில் உள்ள பாதையை அந்தப் பக்கத்து ஷெல்லிடம் (கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) இன்னொரு முறை பிரிக்கக் கொடுக்கும். அதனால் இடைவெளிக்கு இரண்டு அடுக்கு மேற்கோள் தேவைப்பட்டது. 2022 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் அது உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியைப் பயன்படுத்துகிறது. ஒரு அடுக்கே போதும். பழைய ஸ்கிரிப்ட்டின் இரண்டாம் மேற்கோள் இப்போது பெயரின் பகுதியாகவே கருதப்பட்டு "ஃபைல் இல்லை" என்று நிற்கும். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியை அப்டேட் செய்த மறுநாள் பேக்கப் நின்றுபோனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேக்கப்புக்குப் பயன்படும் ஆர்சிங்க்கிலும் அதே ஆண்டு 3.2.4 பதிப்பில், ஒரு அடுக்கே போதும் என்ற மாற்றம் வந்தது.

விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் பாதையை மேற்கோளுக்குள் வைத்து, கடைசியில் பின்சாய்வுக்கோடும் ( \ ) போட்டால், அந்தக் கோடு மூடும் மேற்கோளை விழுங்கிவிடும். அடுத்த பாதையும் விருப்பத் தேர்வுகளும் ஒன்றாக ஒட்டிப் பிழை வரும். கடைசிப் பின்சாய்வுக்கோட்டை எடுத்துவிட்டால் போதும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கடைகள்

ஃப்ளெக்ஸ் மெஷினோடு வந்த ரிப் மென்பொருளுக்காக (டிசைனை மெஷின் அச்சிடும் வடிவுக்கு மாற்றுவது) பழைய கணினியை மாற்றாமல் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அதில் பவர்டாய்ஸ் ஏறாது. டோட்டல் கமாண்டர் வைத்திருந்தால் கன்ட்ரோல்+எம் அழுத்திக் கிடைக்கும் பலபெயர் மாற்றும் கருவி இதே வேலையைச் செய்யும். ஆனால் அது ஷேர்வேர், தொடர்ந்து பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். இன்னொரு வழி செலவில்லாதது: டிசைன் வாங்கும் முன்பக்கக் கணினி விண்டோஸ் 10 ஆக இருந்தால், மூன்று சுற்றையும் அங்கேயே முடித்துவிட்டு ஃபைலை ரிப் கணினிக்கு நகர்த்துங்கள். ரிப் கணினியின் கண்காணிப்பு ஃபோல்டர் பெயரிலும், அதற்கு மேலுள்ள ஃபோல்டர்களின் பெயரிலும் இடைவெளி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் "புது ஃபோல்டர் 2" என்று வைத்துவிட்டு, ஃபைல் பெயரை மட்டும் சுத்தம் செய்துகொண்டிருந்தால் பாதை அங்கேயே உடையும். அந்த ஃபோல்டரை டிரைவின் வேரிலேயே, ஒற்றைச் சொல்லில் வையுங்கள்.